சீல் உடையாத குவார்ட்டர்

பாளையங்கோட்டையில் ஒரு பாத்திரக்கடையின் மேல்மாடியில் தூதுவளை சாஃப்ட்வேர் என்ற கம்பெனி இருந்தது. அங்கே ஒரே நாளில் மூன்று பேர் வேலைக்குச் சேர்ந்தார்கள். மூன்று பேருக்கும் லேப்டாப்பை எந்தப் பக்கமாகத் திறப்பது என்று தெரியாது. இதற்காக அவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. விளம்பரம் அப்படி வந்திருந்தது.

கம்பெனியின் சரக்கு ஒரே ஒரு நிரல்தான். ஆஸ்பத்திரியில் டோக்கன் போட்டால் நம் போனுக்கு ஒரு செய்தி வருகிறதே, அந்த மாதிரிச் செய்திகளை மொத்தமாக அனுப்பி வைக்கிற நிரல். முப்பிடாதி என்ற பெண் மூன்று வருஷம் தனியாக உட்கார்ந்து எழுதியது. தங்கமான நிரல். அவளைத் தவிர வேறு யாரும் அதைத் தொட்டதில்லை என்பது ஒன்றுதான் குறை.

முதலாளி நெல்சன் தவமணி பன்னிரண்டு வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவர். மற்ற கம்பெனிகளில் நிரல் எழுதுகிற டெவலப்பர்கள் நம் நிரலை எடுத்துப் பயன்படுத்தினால்தான் பிழைப்பு என்று அவருக்குத் தெரியும். அதற்கென்றே அங்கெல்லாம் ஆள் வைத்திருப்பார்கள். டெவலப்பர்களோடு பழகுவது, அவர்களுக்காகப் பேசுவது, அப்படியே நம் சரக்கை அவர்கள் மனசில் பதிய வைப்பது, இதுதான் வேலை. அந்த வேலைகளுக்கு வெளிநாட்டில் என்ன பெயரோ அதையே தமிழ் எழுத்தில் போட்டு, நெல்சன் பேப்பரில் விளம்பரம் கொடுத்தார். 'டெவலப்பர் அட்வகேட் ஒருவர், இவாஞ்சலிஸ்ட் ஒருவர், கம்யூனிட்டி மேனேஜர் ஒருவர் உடனடியாகத் தேவை.'

விண்ணப்பம் போட்டதே மூன்று பேர்தான். போனிலேயே நேர்காணல் நடந்தது.

"நீங்க அட்வகேட்டா?" என்று கேட்டார் நெல்சன்.

"பதினெட்டு வருஷமா அட்வகேட்" என்றார் வைத்தமாநிதி. குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்குகள் பார்த்து வந்த வக்கீல் அவர்.

"டெவலப்பர்களுக்காகப் பேசுவீங்களா?"

"யாருக்காக வேணும்னாலும் பேசுவேன் சார். ரெண்டு தடவை எதிர்க்கட்சிக்காகவே பேசியிருக்கேன்."

அடுத்தவர், இவாஞ்சலிஸ்ட் வேலைக்குப் பாக்கியநாதன். ஊர் ஊராகப் போய் பிரசங்கம் செய்கிற உபதேசியார்.

"இந்த லைனுக்கு எப்படி வந்தீங்க?"

"வாலிபத்திலேயே அழைப்பு வந்துட்டுது ஐயா."

"எங்கேருந்து?"

"மேலேருந்து."

மேலிடமே நேரில் கூப்பிட்ட ஆள் என்று நெல்சன் குறித்துக்கொண்டார்.

மூன்றாவது ஆவுடைத்தாய். தாலுகா ஆபீசில் சாதிச் சான்றிதழ் செக்‌ஷனில் இருந்து ரிட்டையர் ஆனவர். "கம்யூனிட்டியில அனுபவம் உண்டா மேடம்?" என்று கேட்டதும், "நாப்பதாயிரம் பேருக்குக் கம்யூனிட்டி குடுத்திருக்கேன் சார். ஒண்ணு கூட ரத்தானது கிடையாது" என்றார். நெல்சன் மரியாதையாக எழுந்து நின்றுகொண்டே மீதிப் பேச்சைப் பேசினார்.

இந்த மூவரில் வைத்தமாநிதிக்குத்தான் இந்த வேலை உயிர்நாடி. கடைசி நாலு வருஷமாக அவரிடம் ஒரு கேஸும் வரவில்லை. பாளையங்கோட்டைத் தம்பதிகள் ஒற்றுமையாக இருந்தார்கள் என்று அர்த்தமில்லை; வேறு வக்கீலிடம் போனார்கள். ஆர்டர் கைக்கு வந்த அன்று அவர் கோர்ட்டில் வக்கீல்கள் உட்காருகிற பார் ரூமில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, "இனிமே நான் சாஃப்ட்வேர் அட்வகேட்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். படி இறங்குவதற்குள் அவருடைய நாற்காலியில் அவருடைய பழைய ஜூனியர் உட்கார்ந்துவிட்டான். திரும்பிப் போனால் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும்.

ஜனவரி இரண்டாம் தேதி நெல்சன் மூவரையும் கூட்டி வைத்துப் பேசினார்.

"எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். கம்யூனிட்டி என்கேஜ்மென்ட். இந்தக் குவார்ட்டர் முடியறதுக்குள்ள நூறு என்கேஜ்மென்ட் காட்டணும். முதலீடு போட்டவங்க சிங்கப்பூர்லேருந்து நேர்ல வந்து பார்ப்பாங்க. நூறு இல்லைன்னா உங்க டிப்பார்ட்மென்ட்டை மூடிருவேன். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

டெவலப்பர்கள் கூட்டத்துக்குக் கம்யூனிட்டி என்றும், அவர்கள் நம் சரக்கில் காட்டும் ஈடுபாட்டுக்கு என்கேஜ்மென்ட் என்றும் அந்தத் தொழிலில் பெயர். ஆவுடைத்தாய் கையைத் தூக்கினார். "என்கேஜ்மென்ட் எந்தக் கம்யூனிட்டிக்குள்ள சார்?"

"நம்மது ஓப்பன் கம்யூனிட்டி மேடம். யார் வேணும்னாலும் வரலாம். யாரும் யார்கூட வேணும்னாலும் சேரலாம்."

ஆவுடைத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு ஆபீசர் வாயிலேருந்து இந்த வார்த்தை வராதான்னு முப்பத்தாறு வருசமாக் காத்துக்கிட்டு இருந்தேன் சார். ஆனா இப்ப மார்கழி. தை பொறக்காம என்கேஜ்மென்ட் ஆகாதே?"

"ஆமா, புது வருஷ லீவுல எல்லா ஊர்லயும் என்கேஜ்மென்ட் குறைவுதான்" என்று நெல்சன் ஒப்புக்கொண்டார். விஷயம் தெரிந்த அம்மாவாக இருக்கிறார் என்று அவருக்குத் திருப்தி.

அவர் போனதும் மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசனையில் உட்கார்ந்தார்கள்.

"நூறு நிச்சயதார்த்தம்!" என்றார் வைத்தமாநிதி. "ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு இது எதுக்கு?"

"வாசல்ல போர்டைப் பாத்தியளா?" என்றார் ஆவுடைத்தாய். "டெவலப்பர் ரிலேஷன்ஸ்னு எழுதியிருக்கு. ரிலேஷன்னா சொந்தக்காரங்க. கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளைய எல்லாம் முப்பது வயசாகியும் கல்யாணம் காச்சி இல்லாம உக்காந்திருக்கு. கம்பெனிக்காரங்க பரிதாபப்பட்டு ஒரு செக்‌ஷன் தொறந்திருக்காங்க."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார் உபதேசியார். "நல்ல காரியம்."

வைத்தமாநிதி தன் கையைப் பார்த்துக்கொண்டார். பதினெட்டு வருஷம் பிரித்து வைத்த கை. இனிமேல் சேர்த்து வைக்கப் போகிறது. அவருக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. கறுப்புக் கோட்டின் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

"எல்லாம் சரி" என்றார் உபதேசியார் மெதுவாக. "ஐயா குவார்ட்டர்னு ஒரு வார்த்தை சொன்னாங்களே."

கம்பெனிக் கணக்கில் குவார்ட்டர் என்றால் மூன்று மாதம்; மூவரும் அறிந்த குவார்ட்டர் மதுக்கடையில் விற்கிற கால் பாட்டில்தான்.

"சொன்னாரு" என்றார் வைத்தமாநிதி. "குவார்ட்டர் முடியறதுக்குள்ளன்னு சொன்னாரு."

"நான் அதைத் தொடுறதில்லைய்யா. தொட்டதும் இல்லை."

"நாங்க மட்டும் தொடுதோமா?" என்றார் ஆவுடைத்தாய். "இப்ப எந்தக் குவார்ட்டர்? யாரு குடிக்கப் போறது? அது தெரியாம கெடு எப்ப முடியுதுன்னு எப்படிச் சொல்ல முடியும்?"

வைத்தமாநிதியின் வக்கீல் மூளை அன்றைக்கு நாலு வருஷத்துக்கு அப்புறம் வேலை செய்தது. அவர் எழுந்து நின்றார்.

"வார்த்தையைக் கவனிங்க. குவார்ட்டர் முடியறதுக்குள்ள. அப்படின்னா அது முடியற வரைக்கும் நமக்கு டைம் இருக்கு. அது யாராவது குடிச்சாத்தானே முடியும்? குடிக்காம வெச்சிட்டா?"

மற்ற இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

"முடியவே முடியாது" என்றார் ஆவுடைத்தாய், வியப்போடு.

இப்படி ஒரு வாதத்தைக் கோர்ட்டில் ஒரு தடவை வைத்திருந்தால் அவருடைய நாற்காலி அவரிடமே இருந்திருக்கும் என்று உபதேசியார் மனசார நம்பினார்.

வாங்குவது யார் என்று அரை மணி நேரம் விவாதம். கடைசியில் கோட்டோடு வைத்தமாநிதியே போனார். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார்.

"ஒரு குவார்ட்டர். நூறு நிச்சயதார்த்தம் முடியற வரைக்கும் தாங்கணும்."

இருபது வருஷமாக அந்தக் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கடைக்காரர், இப்படி ஒரு ஆளை முதல் தடவையாகப் பார்த்தார். உள்ளே போய் இருப்பதில் கெட்டியான மூடியாகப் பார்த்து எடுத்து வந்தார்.

பாட்டிலை இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள். ஆவுடைத்தாய் ஒரு ரெஜிஸ்டர் போட்டார். தினமும் காலை பத்து மணிக்கு அலமாரியைத் திறந்து, பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, 'குவார்ட்டர் முடியவில்லை. சீல் உள்ளது' என்று எழுதி மூவரும் கையெழுத்துப் போடுவார்கள். அதற்கு அப்புறம்தான் மற்ற வேலை. தமிழ்நாட்டில் ஒரு குவார்ட்டர் பாட்டிலுக்கு இவ்வளவு பாதுகாப்பு அதற்கு முன்னால் கிடைத்ததாகத் தெரியவில்லை.

தை பிறந்தது. டெவலப்பர் ரிலேஷன்ஸ் என்பதால் டெவலப்பர்களை அவர்கள் பார்க்கவில்லை. டெவலப்பர்களின் அம்மாக்களைப் பார்த்தார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் என்று வீடு வீடாகப் போனார்கள். மற்ற கம்பெனிக்காரர்கள் டெவலப்பர்கள் காதில் ஏதாவது போட வேண்டும் என்றால் படாத பாடு படுவார்கள். அவர்கள் அனுப்புகிற மெயிலை யாரும் திறப்பதில்லை. இவர்கள் சொன்னதோ அம்மாக்கள் வாயிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று வேளை டெவலப்பர்கள் காதில் விழுந்தது.

மாசி முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு மீட்டப் நடத்தச் சொன்னார் நெல்சன். டெவலப்பர்கள் ஓரிடத்தில் கூடிப் பேசுகிற கூட்டம். நூற்றிருபது பேர் வந்தார்கள். ஹாலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் எதிர்ப் பக்கம், அம்மாக்கள் பின் வரிசை. தட்டுகளில் பஜ்ஜியும் கேசரியும் வைத்துப் பெண் டெவலப்பர்கள் கையிலேயே கொடுத்துப் பரிமாறச் சொன்னார் ஆவுடைத்தாய். நாலு பெண்கள் தட்டை வாங்கித் தாங்களே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டார்கள். தைரியமான பிள்ளைகள் என்று எழுதிக்கொண்டார்.

வாசலில் எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, ஊர், கம்யூனிட்டி. டெவலப்பர்கள் யோசிக்காமல் நிரப்பிக் கொடுத்தார்கள். பைத்தான், ஜாவா, ரூபி என்று எழுதியிருந்தது. எல்லாம் நிரல் எழுதுகிற மொழிகளின் பெயர்கள். ஆவுடைத்தாய் தன் கைப்பையில் எப்போதும் இருக்கும் அரசாங்கப் பட்டியலை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடினார்.

"ஒண்ணு கூடப் பட்டியல்ல இல்ல" என்றார் முகம் வெளுத்து. "முப்பத்தாறு வருச சர்வீஸ்ல ரூபின்னு ஒரு கம்யூனிட்டிய நான் கேள்விப்பட்டதே இல்ல."

"கப்பல்ல ஜாவாவுக்குப் போய்த் திரும்பி வந்தவங்களா இருக்கும்" என்றார் வைத்தமாநிதி.

"பொண்ணு குடுத்து எடுக்கிற வழக்கம் உண்டான்னு கேட்டுப் பாப்போமே" என்று உபதேசியார், முன் வரிசையில் இருந்த தூத்துக்குடிக்காரன் வள்ளிநாயகத்திடம் போனார். "தம்பி, ஜாவாவும் பைத்தானும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சேருமா?"

"சேரும் சார். ஆனா எங்க ஆபீஸ்ல ஜாவாக்காரங்க பைத்தான்காரங்களை மதிக்கவே மாட்டாங்க. பழைய ஆளுங்கன்னு ஒரு திமிர்."

உபதேசியார் பெருமூச்சு விட்டார். "இங்கேயுமா?"

"நம்மது ஓப்பன் கம்யூனிட்டி" என்று ஆவுடைத்தாய் முடிவாகச் சொன்னார். "முதலாளி உத்தரவு. யாருக்கு யாரை வேணும்னாலும் பேசலாம்." பட்டியலை மடித்துக் கைப்பையில் போட்டார். அதற்கு அப்புறம் அதை அவர் எடுக்கவே இல்லை.

வள்ளிநாயகம் பார்க்க லட்சணமாக இருந்ததால் வைத்தமாநிதி அவனை முதலில் பேசி முடிக்க நினைத்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"தம்பி கமிட் ஏதும் ஆயிருக்கா?"

டெவலப்பர்கள் அன்றன்றைக்கு எழுதியதைச் சேர்த்து வைப்பதற்குக் கமிட் என்று பெயர். பையன் உற்சாகமாகச் சொன்னான். "காலையிலேருந்து ஆறு கமிட் சார்."

"ஆறா? இன்னைக்கு மட்டுமா?"

"அதுல ரெண்டு சரியில்லைன்னு விட்டுட்டேன். இப்ப நாலுதான்."

வைத்தமாநிதி எழுந்துவிட்டார். குடும்ப நீதிமன்றத்தில் பதினெட்டு வருஷத்தில் இப்படி ஒரு வாக்குமூலத்தை அவர் கேட்டதில்லை. "வீட்டுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"வீட்டுல இருந்துதான் சார் பண்ணுவேன். அம்மாதான் டீ போட்டுக் கொடுப்பாங்க."

உபதேசியார் அவன் தலையில் கை வைத்துக் கால் மணி நேரம் ஜெபம் செய்தார். பையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் ஒரு கம்பெனி தன் கமிட்டுகளுக்காக இவ்வளவு அக்கறைப்படுவதைப் பார்த்து உருகிப் போனான். அடுத்த வாரமே அவனுக்கும் தைரியமான பிள்ளைகளில் ஒருத்திக்கும் என்கேஜ்மென்ட் ஆனது. நாலையும் விட்டுவிடுவதாக அவனிடம் வைத்தமாநிதி பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொண்டார். ஒரு நாள் வேலை போனாலும் பரவாயில்லை, பெண் கிடைக்கிறதே என்று அவனும் கையெழுத்துப் போட்டான்.

இப்படியாக என்கேஜ்மென்ட்டுகள் ஏறின. வாரா வாரம் நெல்சனுக்கு ரிப்போர்ட் போகும். 'இந்த வாரம் என்கேஜ்மென்ட் ஏழு. மூன்று பேச்சு வார்த்தையில் உள்ளது. ஒன்றில் மாப்பிள்ளையின் தாய்மாமன் முறுக்கிக்கொண்டு போய்விட்டார்.' நெல்சன் எண்ணை மட்டும் படிப்பார். மீதியைப் படிக்கிற பழக்கம் அவருக்கு வெளிநாட்டிலேயே விட்டுப் போயிருந்தது. 'அருமை. ஒவ்வொரு என்கேஜ்மென்ட்லயும் தூதுவளை இருக்கணும்' என்று பதில் எழுதினார்.

இருந்தது. அடுத்த நிச்சயதார்த்தத்தில் இருந்து தாம்பூலத் தட்டில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழத்தோடு ஒரு கட்டுத் தூதுவளைக் கீரையையும் வைத்தார்கள். முள் குத்தி மூன்று சம்பந்தியம்மாக்களுக்கு விரலில் ரத்தம் வந்தது. பந்தியில் தூதுவளை ரசம் ஊற்றினார்கள். அது நன்றாக இருந்ததாகத்தான் சொன்னார்கள்.

கீரைக்கட்டைப் பார்த்த மாப்பிள்ளைகள், டெவலப்பர்கள் அல்லவா, இது என்ன என்று கேட்டார்கள். "எங்க ஆபீஸ் சரக்கு. மேற்கொண்டு விவரம் முப்பிடாதிகிட்ட கேளுங்க" என்றார் வைத்தமாநிதி. ஒவ்வொருவராக முப்பிடாதிக்குப் போன் செய்தார்கள். கல்யாணத்துக்கு ஆயிரம் பேருக்குச் செய்தி அனுப்ப வேண்டியிருந்த நேரம். அவள் நிரலை எடுத்துக் கொடுத்தாள். மூன்று வருஷமாக யாரும் தொடாத நிரல். முதல் ஆள் அதை ஓட்டி, "நல்லா இருக்கே!" என்று சொன்ன அன்று, அவள் மாடிப்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

மார்ச் முப்பத்தொன்று வந்தது. என்கேஜ்மென்ட் அறுபத்து மூன்றில் நின்றது. வைத்தமாநிதி காலையிலிருந்து சாப்பிடவில்லை. பார் ரூம் நாற்காலி கண்முன்னால் வந்து வந்து போனது.

பதினோரு மணிக்கு நெல்சன், முதலீடு போட்ட கனகவல்லி அம்மாளோடு உள்ளே வந்தார். சிங்கப்பூரில் பெரிய கை. அதிகம் சிரிக்க மாட்டார்.

"குவார்ட்டர் முடிஞ்சிருச்சு" என்றார் நெல்சன். "எவ்வளவு காட்டியிருக்கீங்க?"

"ஆட்சேபணை!" என்று எழுந்தார் வைத்தமாநிதி. "குவார்ட்டர் முடியலை."

"இன்னைக்கு மார்ச் முப்பத்தொண்ணு சார்."

"தேதி எதுவா வேணும்னாலும் இருக்கட்டும். ஆவுடைத்தாய் மேடம், சான்றுப் பொருளைக் கொண்டு வாங்க."

ஆவுடைத்தாய் அலமாரியைத் திறந்து பாட்டிலை இரண்டு கையாலும் ஏந்தி வந்து மேஜை மேல் வைத்தார். பக்கத்தில் ரெஜிஸ்டரை விரித்தார். "ஜனவரி ரெண்டுலேருந்து ஒரு நாள் விடாம பரிசோதனை பண்ணியிருக்கோம். ஒரு சொட்டுக் குறையல. சீல் அப்படியே இருக்கு. இது முடிஞ்சிருச்சுன்னு யாரு சொன்னாலும் நான் ஒத்துக்கிட மாட்டேன்."

நெல்சன் பாட்டிலைப் பார்த்தார். ரெஜிஸ்டரைப் பார்த்தார். கனகவல்லி அம்மாளைப் பார்க்க மட்டும் அவருக்குத் துணிவு வரவில்லை.

கனகவல்லி அம்மாளோ இது எதையும் கவனிக்காமல் சுவரில் இருந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூதுவளை வழியாகப் போகிற ஒவ்வொரு செய்தியையும் அந்தத் திரை எண்ணிக்கொண்டிருக்கும். மேலே என்கேஜ்மென்ட் என்று எழுதியிருக்கும். கீழே ஐம்பத்தெட்டாயிரத்து நானூறு என்று இருந்தது. அவர் பார்க்கும்போதே யாரோ ஒரு சித்தப்பாவுக்கு அழைப்புப் போய், நானூற்றொன்று ஆனது.

"நூறுதானே கேட்டோம்?" என்றார். "ஐம்பத்தெட்டாயிரம் என்கேஜ்மென்ட்டா!"

"பொய்!" என்றார் வைத்தமாநிதி.

நெல்சன் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தார். உட்காரவில்லை.

"அம்மா, என் வேலை போனாலும் போகட்டும். நாங்க பண்ணினது அறுபத்து மூணுதான். ஐம்பத்தெட்டாயிரம் நிச்சயதார்த்தத்துக்கு இந்த ஜில்லாவுல ஏதும்மா அத்தனை பொண்ணு? அத்தனை தாம்பூலத் தட்டுக்குக் கீழே பாத்திரக்கடையில இருப்பு இருக்கா?"

"தட்டு இல்லங்க. நேத்தே தீந்துபோச்சு" என்றார் உபதேசியார்.

வக்கீல் ஏதோ உவமை சொல்கிறார் என்று நினைத்துக் கனகவல்லி அம்மாள் முதல் தடவையாகச் சிரித்தார். "திரையில ஐம்பத்தெட்டாயிரம் காட்டும்போதும் அறுபத்து மூணுதான் எங்களோடதுன்னு சொல்ற ஆளை நான் இந்தத் தொழில்ல பார்த்ததே இல்லை. நெல்சன், இவங்களை விட்டுடாதீங்க."

வைத்தமாநிதி மெதுவாக உட்கார்ந்தார். தன் நாற்காலியின் கைப்பிடியை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது.

"ஆனா ஒண்ணு" என்றார் கனகவல்லி அம்மாள், கிளம்பும்போது. "என்கேஜ்மென்ட் ஆனா மட்டும் போதாது. இனிமே எனக்கு டெலிவரி வேணும்."

"அடுத்த குவார்ட்டருக்குள்ள டெலிவரி ஆயிரும் மேடம்" என்றார் நெல்சன்.

கேட்டவர்களுக்குச் சரக்கை முடித்துக் கொடுப்பதுதான் அவர்கள் சொன்ன டெலிவரி. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எத்தனை டெலிவரிம்மா?" என்று கேட்டார் ஆவுடைத்தாய்.

"எத்தனை என்கேஜ்மென்ட்டோ அத்தனையும். ஒண்ணு கூடத் தவறக் கூடாது."

"கல்யாணமே வைகாசியிலதான் வச்சிருக்கு. அதுக்குள்ள டெலிவரின்னா ஊர் பேசுமேம்மா."

"பேசட்டும்னுதானே சொல்றேன்!" என்றார் நெல்சன். "சொன்ன தேதிக்கு முன்னாடியே டெலிவரி ஆச்சுன்னா மார்க்கெட்டே நம்மளைப் பத்திப் பேசும்."

உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டார்.

"முன்னாடியே நல்லா டெஸ்ட் பண்ணிப் பார்த்துக்கோங்க" என்றார் கனகவல்லி அம்மாள்.

"டெஸ்ட், ஸ்கேன் எல்லாம் டாக்டர் பார்த்துக்குவாங்க" என்றார் வைத்தமாநிதி. "ஆணா பெண்ணான்னு மட்டும் கேட்கக் கூடாதும்மா. சட்டப்படி குத்தம்."

இரண்டு பேரும் போன பிறகு மூவரும் அலமாரி முன்னால் நின்றார்கள்.

"இதே பாட்டிலை வச்சிக்கிட்டா போதாதா?" என்றார் ஆவுடைத்தாய்.

"அது இந்தக் குவார்ட்டர். சொன்னது அடுத்த குவார்ட்டர்" என்றார் வைத்தமாநிதி. "கல்யாணம் ஆகணும். அப்புறம் பத்து மாசம். எல்லாம் சேர்த்தா ஒரு வருஷம் ஓடிரும். ஒரு குவார்ட்டரை நம்பி இதுல இறங்க முடியாது."

உபதேசியார் பாட்டிலை உற்றுப் பார்த்தார். மூன்று மாதமாகத் தினமும் காலையில் அந்தப் பாட்டிலைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் கொஞ்சம் விவரம் வந்திருந்தது.

"வருஷம் ஃபுல்லா வேணும்னா ஃபுல்லாவே வாங்கிருவோம்யா" என்றார். "போன தடவை நீங்க போனீங்க. இந்தத் தடவை நான் போறேன்."

வெள்ளை ஜிப்பாவும் கையில் வேதப் புத்தகமுமாக அவர் கடைக்குப் போனார். வரிசையில் நின்றவர்கள் பதறிப் போய் வழி விட்டார்கள்.

"ஒரு ஃபுல் குடுங்க தம்பி. டெலிவரிக்கு."

"டெலிவரி எல்லாம் இங்கே கிடையாதுங்க" என்றார் கடைக்காரர்.

"தெரியும் தம்பி. அது ஆஸ்பத்திரியிலதான் ஆகும்" என்றார் உபதேசியார். "நீங்க மூடி மட்டும் கெட்டியாப் பாத்துக் குடுங்க. அறுபத்து மூணும் சுகப்பிரசவமா ஆகணும்."